செய்தவன் லோகநாதன்

1928 பிப்ரவரி 6, திங்கள்

ஏழரைக்குக் கிடங்கில் வேலைச் சங்கு ஊதிவிடுவார்கள். அதற்குள் எழுதிவிடுகிறேன்.

நேற்று வேதாந்த சபையில் என் பேச்சு நன்றாக அமைந்தது. டோல்கேட்டில் அரிசி மண்டிக்கு மேல்மாடி. முப்பது பேருக்குக் குறையாத கூட்டம். எடுத்துக்கொண்ட விஷயம் சாட்சி. விழிப்பு வருகிறது, போகிறது. கனவும் அப்படியே, உறக்கமும் அப்படியே. இந்த மூன்றும் வந்து போவதை அறிந்துகொண்டிருக்கும் ஒன்று மட்டும் வருவதும் இல்லை, போவதும் இல்லை. அதுதான் நான். ராயபுரம் மரக்கிடங்கில் கிரேன் ஓட்டும் லோகநாதன் என்பது அதன் மேல் மாட்டிய சட்டை. இதைச் சொல்லும்போது என் குரல் ஓரிடத்திலும் தட்டவில்லை என்று சுப்பராயன் சொன்னான். ரயில்வே குமாஸ்தா, சபைக்குக் காரியதரிசி, வடமொழி படித்தவன். என் வயதுதான், நாற்பத்தொன்று. அவன் வாயிலிருந்து புகழ்ச்சி லேசில் வராது.

எனக்கு இதில் சந்தேகம் கிடையாது. பதினாலு வருஷமாகக் கேட்டிருக்கிறேன், கேட்டதைத் திருப்பித் திருப்பி யோசித்திருக்கிறேன். தினம் காலையில் கிரேனின் கொதிகலன் சூடேறும் அரைமணி நேரம் கூண்டுக்குள் கண்ணை மூடி உட்காருகிறேன். உடம்பைக் கவனிக்கிறேன், கவனிக்கப்படுவது நானாக முடியாது. மூச்சு, அதுவும் அப்படியே. மனசையே கவனிக்க முடிகிறதே, அப்போது அதுவும் அல்ல. ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டே போனால் தள்ள முடியாமல் நிற்பது எது? அங்கே நிற்கப் பழகுகிறேன்.

மத்தியானச் சாப்பாட்டு வேளையில் கூலிக்காரர்களுக்கும் இதைச் சொல்வதுண்டு. சிரிப்பார்கள். புளியந்தோப்பிலிருந்து வரும் மண்ணாங்கட்டி மட்டும் சிரிக்கமாட்டான். “நான் ஒடம்பு இல்லேன்னா மரம் தூக்குறவன் யாரு நைனா?” என்று போன வாரம் கேட்டான். நல்ல கேள்வி. பதிலும் நன்றாகவே சொன்னேன்.

கிரேன் சங்கிலியில் ஒரு கண்ணி தேய்ந்து விரிசல் விட்டிருக்கிறது. நகம் நுழைகிறது. போர்மேனிடம் சொல்ல வேண்டும்.

பிப்ரவரி 7

போர்மேன் தவசிமுத்துவிடம் சொன்னேன். தென்பக்கத்து மனுஷர், கோபம் வராது. “அடுத்த மாசம் புதுச் சங்கிலி வருதுவே. அதுவரைக்கும் பாத்து ஓட்டும்” என்றார். சரி என்றேன்.

பிப்ரவரி 10, வெள்ளி

ரங்கூனிலிருந்து தேக்கு வந்து குவிந்திருக்கிறது. ஒவ்வொன்றும் யானைக்குட்டி. விரிசலைப் பார்க்க இன்று நேரமில்லை.

பிப்ரவரி 14, செவ்வாய்

சங்கிலி அறுந்துவிட்டது.

பதினொன்றரை இருக்கும். அடிமரம் ஒன்றைத் தூக்கி வண்டிப் பக்கம் திருப்பிக்கொண்டிருந்தேன். மண்ணாங்கட்டி கீழே நின்று கயிற்றால் அதை வாகாக இழுக்க வேண்டும். அங்கே நில் என்று அவனுக்கு இடம் காட்டியது தவசிமுத்து. வெடி போட்ட மாதிரி ஒரு சத்தம். மரம் அவன் இடது கால் மேல் —

அவன் கத்தவில்லை. நான்தான் கத்தினேனாம். கூண்டிலேர்ந்து எப்படி எறங்கினேன்? தெரியல. கடப்பாறை போட்டு ஆறு பேர் நெம்பினோம். அவன் என்னையே பாத்துக்கினு இருந்தான்.

எந்தக் கண்ணி அறுந்துதுன்னு எனக்குத் தெரியும். போய்ப் பாக்கவே வேணாம்.

பிப்ரவரி 15

ஆஸ்பத்திரியில் அவன் காலை முழங்காலுக்கு மேலே எடுத்துவிட்டார்கள். உயிருக்குப் பயமில்லையாம்.

சாயங்காலம் சுப்பராயன் வீட்டுக்கு வந்தான். நான் சங்கிலியைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்ததுமே கையமர்த்திவிட்டான். “யாருடா கர்த்தா? ஆத்மா எதையும் செய்யறதில்லைன்னு நீயே எத்தனை தடவை சபையில சொல்லியிருக்கே. அவன் பிராரப்தம், போன ஜன்ம வினை, மரம் விழுந்தது. உன் கை வெறும் கருவி. செய்தவன் நான்னு நினைக்கிறதுதான் அஞ்ஞானம்.” கேட்கக் கேட்க நெஞ்சிலிருந்து கல்லை இறக்கினாற்போல இருந்தது. இரண்டு வாய் சோறும் இறங்கியது.

அவன் போனபிறகு என் மனைவி பூவம்மா தட்டை எடுத்துக்கொண்டே கேட்டாள்: “அந்தாளு வூட்ல இப்ப யாரு சம்பாரிக்கிறாங்கோ?”

தெரியாது என்றேன்.

பிப்ரவரி 19, ஞாயிறு

சபையில் பிராரப்தம் பற்றிப் பேசினேன். கிடங்கில் நடந்ததையே உதாரணமாக வைத்தேன். ஒரு கால் போனது. போனதை அறிந்தவன் போகவில்லை. இரண்டு பேர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள்.

சங்கிலி தேய்ந்திருந்ததைச் சொல்லவில்லை. சபைக்கு அது எதற்கு?

பிப்ரவரி 22, புதன்

தவசிமுத்து என்னை ஆபீஸ் அறைக்குக் கூப்பிட்டார். மேஜைமேல் ஒரு காகிதம், இங்கிலீஷில் டைப் அடித்தது. அவரே படித்துச் சொன்னார். மண்ணாங்கட்டி அன்று குடித்திருந்தான். விலகு என்று டிரைவர் இரண்டு தடவை எச்சரித்தும் வீம்பாக அங்கேயே நின்றான். சங்கிலி நல்ல நிலையில் இருந்தது. கீழே என் பெயர்.

“குடிக்கலையே ஐயா அவன்” என்றேன்.

“குடிக்காத கூலிக்காரன் எவம்வே? இன்னைக்கு இல்லைன்னா நேத்து குடிச்சிருப்பான்.” பிறகு குரலை இறக்கினார். “அடிபட்டவனுக்குக் கம்பெனி நஷ்டஈடு குடுக்கணும்னு புதுச் சட்டம் வந்திருக்குல்லா. கமிஷனர்கிட்ட மனு போட்டிருக்கான் அவன். குடிபோதைன்னு ஆயிட்டா கம்பெனிக்குப் பொறுப்பு இல்ல. சங்கிலி மோசம்னு ஆச்சுன்னா தொரை முதல்ல என்னைக் கேப்பாரு, அடுத்தது உம்மைக் கேப்பாரு. ரெண்டு பேருக்கும் வேலை போயிரும். திங்கக்கிழமை வந்து கையெழுத்து போடும். அவனுக்குக் கேட் காவல் வேலை வாங்கித் தாரேன், சத்தியமாச் சொல்லுதேன்.”

கெட்ட மனுஷர் இல்லை.

வீடு வரும் வழியெல்லாம் யோசித்தேன். எல்லாமே வியவகாரம், அன்றாட உலகத்துக் காரியம்தானே? கனவுக்குள் ஒரு காகிதம், கனவுக்குள் ஒரு கையெழுத்து. இதில் மெய் எது, பொய் எது? போட்டால்தான் என்ன? எத்தனை சுலபமாக இந்த நியாயம் எனக்கு வருகிறது!

பிப்ரவரி 23

பூவம்மாவிடம் விஷயத்தைச் சொன்னேன். வேலை போனால் கம்பெனி லைனில் இருக்கும் இந்த வீடும் போகும் என்பதையும் சேர்த்தே சொன்னேன். அவள் மீன் ஆய்ந்துகொண்டிருந்தாள்.

“அவரு குடிச்சிருந்தாரா?”

“இல்லை.”

“நீங்க ‘தள்ளிப் போ’ன்னு சொன்னீங்களா?”

“இல்லை.”

“அப்பறம் இன்னாத்த யோசிக்கிறீங்கோ?”

“பரமார்த்தத்தில், முடிவான உண்மையில் பார்த்தால்...” என்று தொடங்கினேன். அவள் அரிவாள்மணையில் கையை நிறுத்திவிட்டு என் முகத்தைப் பார்த்தாள். “அதெல்லாம் எனக்குத் தெரியாதுங்க. ஆனா ஒண்ணு கேக்குறேன். சம்பளம் வாங்க மட்டும் லோகநாதன் போறாரு. பழின்னு வந்தா ஆத்மா வந்து நிக்குது. இது இன்னா நாயம்?”

பதினாலு வருஷப் படிப்பில் இப்படி ஒரு கேள்வியை யாரும் என்னிடம் கேட்டதில்லை.

பிப்ரவரி 26, ஞாயிறு

சபைக்குப் போகவில்லை. ஆஸ்பத்திரிக்குப் போனேன். பன்னிரண்டு நாளாக ஏன் போகவில்லை என்று கேட்டுக்கொண்டே போனேன்.

மண்ணாங்கட்டி தலையணையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். பக்கத்தில் தரையில் அவன் மனைவி வேம்பு. என்னைப் பார்த்ததும் அவள் எழுந்து ஜன்னல் பக்கம் போய் நின்றுகொண்டாள். அவன்தான் பேச்சை ஆரம்பித்தான்.

“வா நைனா. ஒரு வேடிக்கை சொல்றேன், கேளு. காலு இல்ல இல்ல? ஆனா கட்டவெரலு அரிக்குது. ராவெல்லாம் நோவுது. சொறியலாம்னு கைய வச்சா அங்க ஒண்ணும் இல்ல.”

இல்லாததன் மேல் ‘எனது’ என்ற எண்ணம்! இதைவிடப் பொருத்தமான உதாரணம் எந்தச் சபையில் கிடைக்கும்? வாய் திறக்கப் போனேன். திறந்த வாயை மூடிக்கொண்டேன். ஒருவன் வலியில் எனக்கு உதாரணம் தேடுகிறேனே. சீ.

அவனே தொடர்ந்தான். “நீ சொல்லுவே இல்ல, நான் ஒடம்பு இல்லேன்னு. படுத்துகினு அதான் யோசிச்சிகினு இருந்தேன். காலு போச்சி. நான் இன்னா கொறஞ்சா போய்ட்டேன்? முன்னாடி எவ்ளோ இருந்தேனோ அவ்ளோதான் கீறேன். நீ சொன்னது நெசம்தான் நைனா. முன்ன கேட்டப்போ வெளங்கல, இப்ப வெளங்குது. ஆனா வவுறு ஒண்ணு கீது. இவளுக்கும் கீது. அதுக்கு இன்னா பதிலு?”

ஜன்னல் பக்கமிருந்து வேம்பு திரும்பாமலேயே சொன்னாள்: “குடிகாரன்னு எழுதிக் குடுக்கப் போறாங்களாமே. மெய்யா? இந்தாளு பொறந்ததுலேர்ந்து கள்ளு மொந்தையத் தொட்டதில்ல. காலு போனா போவட்டும். பேரு எதுக்குப் போவணும்?”

“சங்கிலியில் விரிசல் இருந்தது” என்றேன். “எனக்குத் தெரியும். தெரிந்துதான் ஓட்டினேன்.”

அவன் என்னைப் பார்த்தான். மரம் மேலே கிடந்தபோது பார்த்த அதே பார்வை. “தெரியும்னு எனக்குந் தெரியும்” என்றான். “போர்மேன் கிட்ட நீ சொன்னத நான் கேட்டுகினுதான் இருந்தேன். நீயா வந்து சொல்றியான்னு பாத்தேன்.”

பிப்ரவரி 27, திங்கள்

கையெழுத்துப் போடவில்லை.

மார்ச் 4, ஞாயிறு

சபையில் எழுந்து நின்று சங்கிலி விஷயத்தைச் சொல்லிவிட்டேன். போன முறை பேசியதில் பாதியை மறைத்தேன் என்றும் சொன்னேன். சலசலப்பு. சுப்பராயனுக்கு முகம் சிவந்துவிட்டது. “இதெல்லாம் வியவகாரம் லோகநாதா. இங்கே எதுக்கு?”

“வியவகாரத்தில் செய்ததைப் பரமார்த்தத்தில் கொண்டுபோய் ஒளித்துவைத்தேன். அதனால்தான் இங்கே” என்றேன்.

இரண்டு நாளாக யோசித்து வைத்திருந்ததை அப்படியே சொன்னேன். உடம்பின் தன்மையை ஆத்மாவின் மேல் ஏற்றிச் சொல்லாதே என்று எல்லோருக்கும் பாடம் நடத்துகிறோம். நான் கிழவன், நான் நோயாளி, நான் இன்ன ஜாதி என்று சொல்வதெல்லாம் அந்தத் தப்பு. கயிற்றின் மேல் பாம்பை ஏற்றுவது. ஆனால் இந்த ஏற்றுதல் இரண்டு பக்கமும் நடக்கும் என்று பாடத்திலேயே இருக்கிறது. அந்தப் பக்கத்தை நாம் பேசுவதே இல்லை. ஆத்மாவின் தன்மையை இந்த ஆளின் மேல் ஏற்றினாலும் அதே தப்புதான். எதுவும் செய்யாதது ஆத்மா. அதற்குரிய விடுதலையை எடுத்து நான் லோகநாதனுக்குப் போர்த்திவிட்டேன். லோகநாதனுக்குக் கை உண்டு, புத்தி உண்டு, விரிசலைப் பார்த்த கண் உண்டு. அவன் செய்தவன்தான். ‘நான் கர்த்தா அல்ல’ என்று சொல்லித் தப்பிக்கப் பார்த்தானே, அவனைவிடப் பெரிய கர்த்தா யார்?

சபை கலைந்தபிறகு படிக்கட்டில் சுப்பராயன் என் தோளைப் பிடித்து நிறுத்தினான். “நீ சொன்ன சித்தாந்தம் சரி. நான் மறுக்கலே. ஆனா உனக்கு வேலை போயிடும்டா. அன்னிக்கும் அந்தப் பயத்துலதான் அப்படிப் பேசினேன்.”

அவன் பயந்தது எனக்காக. அது தெரிந்தபிறகு அவன்மேல் எனக்கு எந்த வருத்தமும் இல்லை.

மார்ச் 12

என்னைக் கிரேனிலிருந்து இறக்கிவிட்டார்கள். மரத்தில் சுண்ணாம்பால் எண் போடும் வேலை. சம்பளம் குறைவு. தவசிமுத்து என் முகத்தைப் பார்ப்பதில்லை.

ஏப்ரல் 9

கிரேன் கூண்டு இல்லை. இப்போது விடியற்காலையில் கடற்கரையில் கட்டுமரங்களுக்கு இந்தப்பக்கம் உட்காருகிறேன். கண்ணை மூடினால் அந்த வெடிச்சத்தம் கேட்கிறது. முன்பு என்றால் ‘இதுவும் அறியப்படுவது, ஆகவே நான் அல்ல’ என்று ஒரு தள்ளு தள்ளியிருப்பேன். இப்போது அவசரப்படுவதில்லை. கேட்கிறேன். சத்தத்துக்குக் கீழே பயம் இருக்கிறது. வீடு போகும், பூவம்மா என்ன செய்வாள், கமிஷனர் முன்னால் சாட்சி சொல்லும்போது நாக்கு குழறுமோ. அந்தப் பயத்தையும் நேருக்கு நேர் பார்க்கிறேன். பார்த்துக்கொண்டே இருந்தால் அது தானாகத் தணிகிறது. தணிந்த இடத்தில் ஒரு தெளிவு நிற்கிறது. மேடையில் பேசியபோது வந்த தெளிவு கைதட்டலோடு போய்விடும். இது போகவில்லை. எண் போடும்போதும் கூடவே இருக்கிறது.

படித்தது எதுவும் பொய்யாகவில்லை. நான்தான் முதல் படியில் ஏறாமல் மேல்மாடியைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தேன். மனசு சுத்தமாக வேண்டும், பொறுமை வேண்டும், அடக்கம் வேண்டும் என்பதையெல்லாம் பாடத்தின் முகவுரை என்று வேகமாகப் புரட்டிவிட்டேன்.

ஜூன் 12, செவ்வாய்

இன்று விசாரணை.

கமிஷனர் வெள்ளைக்காரர். இங்கிலீஷில் கேட்பதைத் தமிழில் சொல்ல ஒரு துபாஷி. மண்ணாங்கட்டி இரண்டு கக்கத்திலும் கட்டை வைத்து வந்திருந்தான். எனக்கு நாக்கு குழறவில்லை. குடித்திருக்கவில்லை; போர்மேன் காட்டிய இடத்தில் நின்றான்; விரிசலைப் பற்றி நான் ஏழு நாள் முன்பே அவரிடம் சொன்னேன். மூன்றையும் சொன்னேன்.

கம்பெனி வக்கீல் எழுந்தார். சபை விஷயம் அவருக்கு யாரோ சொல்லியிருக்கிறார்கள்.

“உலகமே பொய் என்று மேடைபோட்டுப் பேசுபவர் நீர்தானே?”

“பேசுவதுண்டு.”

“உலகம் பொய்யென்றால் உம் சாட்சி மட்டும் எப்படி மெய்?”

அறையில் சிரிப்பு. எனக்குக் கோபம் வரவில்லை. “ஐயா, கனவில் தாகம் எடுத்தால் கனவில் கிடைக்கும் தண்ணீரைத்தான் குடிக்க வேண்டும். தலைமாட்டில் கூஜா இருந்தும் பயனில்லை. இந்த உலகத்தில் கால் போனவனுக்கு இந்த உலகத்து உண்மைதான் வேண்டும். விழித்துக்கொண்டவன்கூட இங்கே பொய் சொல்லலாம் என்று எங்கள் வேதாந்தத்தில் இல்லை.”

துபாஷி திணறித் திணறி இதை இங்கிலீஷில் சொல்லி முடித்தார். கமிஷனர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு என்னை ஒருமுறை நன்றாகப் பார்த்தார்.

வக்கீல் விடவில்லை. “விரிசல் தெரியும் என்கிறீர். தெரிந்தும் லீவரைத் தள்ளியது யார்?”

“லோகநாதன்.”

“அதாவது?”

“நான்தான் ஐயா. மாட்டேன் என்று அன்று சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை.”

சொல்லி முடித்ததும் உடம்பு லேசாகிவிட்டது. பிப்ரவரியில் சுப்பராயன் இறக்கிவைத்த கல் அன்று இரவே திரும்பி வந்திருந்தது. இது வராது, எனக்குத் தெரியும்.

வெளியே மாமர நிழலில் தவசிமுத்து நின்றிருந்தார். அவரையும் உள்ளே கூப்பிட்டிருந்தார்கள். “விரிசலைப் பத்தி நீரு சொன்னீருன்னு ஒத்துக்கிட்டேன்வே” என்றார் தரையைப் பார்த்தபடி. “நீரு உம்ம மேலயே பழியப் போட்டுக்கிட்ட பொறவு எனக்குப் பொய் வரல.”

ஜூன் 13

வேலை போயிற்று. வீட்டுக்குப் பதினைந்து நாள் தவணை.

பூவம்மா பரணிலிருந்து பாத்திரங்களை இறக்க ஆரம்பித்துவிட்டாள்.

ஜூலை 3, செவ்வாய்

தீர்ப்பு மண்ணாங்கட்டி பக்கம். குடித்திருந்தான் என்பதற்கு ஆதாரமில்லை என்று எழுதியே கொடுத்துவிட்டார்களாம். வேம்பு படிக்கத் தெரிந்த ஒருவரிடம் அந்த வரியை மூன்று முறை படிக்கச் சொல்லிக் கேட்டாளாம். கிடைக்கும் தொகையில் வீட்டு வாசலில் விறகுக் கடை வைக்கப் போகிறார்கள்.

ஜூலை 20

திருவொற்றியூரில் ஒரு அரிசி மில்லில் கொதிகலன் பார்க்கும் வேலை கிடைத்தது. முதலாளி அப்துல் வஹாப். “நீங்கதானா அந்தக் கம்பெனி கேசுல சாட்சி சொன்ன ஆளு?” என்று கேட்டார். ஆம் என்றேன். மேற்கொண்டு ஒன்றும் கேட்காமல் சாவியைக் கொடுத்தார்.

கோயிலுக்கு வடக்கே ஓட்டு வீடு. ஒழுகுகிறது. காற்று நல்ல காற்று.

அக்டோபர் 14, ஞாயிறு

மண்ணாங்கட்டி விறகுக் கடையில் உட்கார்ந்தபடி வருகிறவர்களிடம் ‘நான் யாரு’ என்று கேட்க ஆரம்பித்துவிட்டானாம். “நாலு பேரு மாட்டிக்கினாங்கோ. அஞ்சாவது ஆளு ஒரு கேள்வி கேட்டாரு, எனக்குப் பதிலு தெரியல. நீ வந்து சொல்லு நைனா” என்று ஆளனுப்பியிருந்தான். போனேன். தகரக் கொட்டகை, விறகு வாசனை. மாடு வெட்டும் கசாப்புத் தொட்டியில் வேலை பார்க்கும் ஒரு பெரியவர்தான் கேட்டது: “மாட்டுக்குள்ள கீறதும் அதேதான்னா நான் தினம் செய்யிறது இன்னாது?” சபையில் இந்தக் கேள்விக்குச் சட்டென்று ஒரு பதில் வைத்திருப்பேன். இங்கே அவர் கையைப் பார்த்தேன். தெரியவில்லை, அடுத்த வாரம் வரை உங்களோடு சேர்ந்து யோசிக்கிறேன் என்றேன். அவர் தலையாட்டினார். திருப்தியாகத்தான் தலையாட்டினார்.

அக்டோபர் 28, ஞாயிறு

சுப்பராயன் விறகுக் கடைக்கு வந்தான். டோல்கேட் சபையில் சொல்லாமல் வந்ததாகச் சொன்னான். வேம்பு ஒரு விறகுக்கட்டையைத் தட்டிப்போட்டு உட்காரச் சொன்னாள். உட்கார்ந்தான். வடமொழியில் ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லை. எனக்குத் தெரிந்து இதுதான் முதல் தடவை.

நவம்பர் 18, ஞாயிறு

நல்ல மழை. விறகுக் கடைக்குப் போகலாமா வேண்டாமா என்று நான் வாசலில் நின்றபோது பூவம்மா குடையை எடுத்துக்கொண்டு வந்து பக்கத்தில் நின்றாள். பதினாறு வருஷக் குடித்தனத்தில் எந்தச் சபைக்கும் வராதவள்.

இன்று நான் அதிகம் பேசவில்லை. பத்து நிமிஷம் சொன்னேன், பிறகு எல்லோரும் கண்ணை மூடி உட்கார்ந்தோம். தகரத்தின் மேல் மழை கொட்டிற்று. யாரும் அசையவில்லை. எத்தனை நேரம் என்று எனக்குத் தெரியாது. கண்ணைத் திறந்தபோது மழை விட்டிருந்தது.

திரும்பி வரும்போது தெருவெல்லாம் கணுக்கால் தண்ணீர். பூவம்மா சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு எனக்கு முன்னால் நடந்தாள். டோல்கேட் தாண்டியதும் திரும்பாமலேயே சொன்னாள்:

“அடுத்த வாரம் கொஞ்சம் முன்னாடியே கெளம்பணும். இன்னிக்கு எனக்கு ஒக்கார எடமே இல்ல.”